அம்மா என்று சொல்லக் கூடாது

என் கட்டைவிரலைத் தேடிக் கம்பெனிக்காரர்கள் மூன்று தடவை வீட்டுக்கு வந்தார்கள்.

முதல் தடவை பழக்கூடை வந்தது. காரணம் தெரியாமல் வருகிற பழத்தை நான் தின்பதில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். அது தின்றது. இரண்டாம் தடவை ஒரு வக்கீல் வந்தார். எங்கள் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. மூன்றாம் தடவை துறைமுகக் கிடங்கின் மேலாளர் மோகன்தாஸே வந்தார். கூட ஒரு பெண். சுபத்ரா என்று பேர், கரூர்ப் பக்கம். இரும்புச் சட்டைகளுக்கு மூளை எழுதுகிற இன்ஜினியர் என்றார்கள்.

"பெரியவரே, ஒரு நிமிஷ வேலை," என்றார் மோகன்தாஸ். சென்னைக்காரர். "அந்தக் காலத்துல உங்க ஆறு பேரோட போட்ட ஒப்பந்தத்துல ஒரு சின்ன திருத்தம். உங்க ரேகை ஒண்ணு போதும்."

"ஆறு பேரு வச்ச ரேகைக்கு ஒரு ரேகை எப்படிவே போதும்?"

'வே' என்றது அவருக்குப் பிடிக்கவில்லை. தூத்துக்குடிக்கு வந்து ஆறு வருஷமாகியும் அது மரியாதையா வசையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சில சமயம் எங்களுக்கே பிடிபடாது.

"மத்த அஞ்சு பேரும் இப்ப இல்லையே. நீங்க மட்டும்தானே பாக்கி."

அது எனக்கும் தெரியும். ஐந்தாவதாகப் போன காதர் மீரானை அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாளிலிருந்து நான்தான் கடைசி ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவன் நான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். தொம்மை என்று என் பெயரை எழுதத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன், ரேகைதான். கையெழுத்தை எவன் வேண்டுமானாலும் போட்டுவிடுவான். விரல் வேண்டுமென்றால் வெட்டிக்கொண்டுதான் போகவேண்டும், அதற்குக் கொஞ்சமாவது யோசிப்பான்.

இரும்புச் சட்டையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளின் உடம்புக்கு வெளியே மாட்டுகிற இரும்பு எலும்புக்கூடு அது. தோள், இடுப்பு, தொடை, கணுக்கால், ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார், ஒரு கொக்கி. அதைப் போட்டுக்கொண்டால் நோஞ்சான்கூட நூற்றைம்பது கிலோ மூட்டையைத் தலையணை மாதிரித் தூக்குவான். ஒரு வேலையைச் சொல்லித் தொடங்கிவிட்டால் மிச்சத்தைச் சட்டையே பார்த்துக்கொள்ளும். ஆளும் உள்ளே இருந்து அசைவான், அவ்வளவுதான்.

முதல் சட்டைக்கு ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆறு பேரைப் பிடித்து, இரண்டு வருஷம் மாற்றி மாற்றி அதைப் போட்டுவிட்டார்கள். நான், என் தங்கை புருஷன் அருளப்பன், கித்தேரியான், பால்வண்ணன், சுடலை, காதர் மீரான். முதுகை எப்போது வளைக்கவேண்டும், முழங்காலை எப்போது மடக்கவேண்டும், ஈரமான சாக்கை எந்த மூலையில் பிடிக்கவேண்டும், எல்லாம் எங்கள் உடம்பைப் பார்த்துத்தான் அது கற்றது. யூனியன்காரர்கள் சண்டை போட்டு ஒப்பந்தம் ஒன்றை எழுத வைத்தார்கள். நாங்கள் சொல்லிக்கொடுத்த எதையும் எங்கள் சம்மதமில்லாமல் முதல் சட்டையிலிருந்து அழிக்கக் கூடாது. யூனியன்காரன் காட்டிய இடத்தில் ரேகை வைத்தோம். முழுக்கப் படித்துக் காட்டச் சொல்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

"என்ன திருத்தம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மேலாளர்கள் சொல்வதைவிட வேலை செய்கிறவர்கள் சொல்வதில் பொய் குறைவாக இருக்கும்.

"ஐயா, அந்த முதல் சட்டையை நாங்க தாய்னு சொல்றோம்ங்க. இப்ப கிடங்குல ஓடுற சட்டைங்க எல்லாம் அதோட பிள்ளைங்க. தாய்க்குத் தெரிஞ்சதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா எழுத வேண்டியதில்லை. பிறக்கும்போதே வந்துரும்."

"நல்லது மட்டுமா வரும்?"

"எல்லாமே வரும்ங்க. இது வேணும் அது வேண்டாம்னு பிள்ளை பொறுக்க முடியாது. அதுதான் சிக்கல். நீங்க சொல்லிக்கொடுத்ததுல ஒண்ணு கம்பெனிக்கு வேண்டாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

சுமை தூக்குகிறவனுக்குப் பாரம் மிஞ்சிப்போனால் வாயில் வருவது ஒரே வார்த்தைதான். அம்மா. அப்படிச் சொன்னவனின் பாரத்தைப் பக்கத்தில் நிற்கிறவன் ஓடிவந்து வாங்கித் தரையில் வைக்கவேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. துறைமுகத்தில் அது சட்டம். அதைச் சட்டையும் கற்றுக்கொண்டது. 'அம்மா' என்று யாராவது சொன்னால் முதலில் மூட்டையை மெதுவாக இறக்கும், பிறகு எல்லாக் கொக்கியையும் திறந்து ஆளை வெளியே விட்டுவிடும்.

பிள்ளைச் சட்டைகள் வந்து கிடங்கில் நூறு பேருக்கு மேல் மாட்டிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. எங்கள் ஊரில் உட்கார்ந்தால் அம்மா, எழுந்தால் அம்மா. கொட்டாவி விட்டால் அம்மா, கால் விரல் இடித்தால் அம்மா. ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை சட்டை திறந்துகொண்டது. வடக்கே உள்ள கிடங்குகளில் இப்படி ஆகவில்லையாம். அங்கே அம்மாவை வேறு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சட்டைக்கு அது தெரியாது. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அறிவிப்புப் பலகை வைத்தது. 'பணி நேரத்தில் அம்மா என்று சொல்லக் கூடாது.' ஒரு வாரம் ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள், வலித்தால் 'அப்பா' என்று சொல்லும்படி. பாவம், சொல்லிப் பார்த்தார்கள். "அப்பா" என்று தொடங்கி "டா அம்மா" என்று முடித்தார்கள்.

அப்புறம் ஒரு நாள் சட்டை அந்த வார்த்தைக்குத் திறப்பது நின்றுபோனது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். நான் அதற்குள் வேலையை விட்டிருந்தேன்.

"அழிச்சிட்டியளாக்கும்னு நெனச்சேன்," என்றேன்.

"அழிக்க முடியாதுங்க. தாய்ல கை வைக்க உரிமை கிடையாது. அதனால பிள்ளைங்க மேல ஒரு திரை போட்டோம். உள்ளே அது இருக்கும், ஆனா யூசருக்கு இல்லாத மாதிரி இருக்கும். போட்டிருக்கிறவங்க எத்தனை தடவை அம்மான்னாலும் சட்டை கண்டுக்காது."

"யூசருன்னா?"

"பயன்படுத்துறவங்க."

"பயன்படுத்துதது யாரு? உள்ள நிக்கவனா, கம்பெனியா?"

மோகன்தாஸ் முந்திக்கொண்டார். "கம்பெனி கஸ்டமர், பெரியவரே. தொழிலாளி யூசர்."

"அப்போ வாங்குனவனுக்குத் தெரியும், உடம்பைக் கொடுத்தவனுக்குத் தெரியாது. நல்லாருக்குவே. வேற யாருக்குத் தெரியாது? அந்தத் திரை எல்லாருக்குமா?"

"சட்டைக்குச் சட்டை திரை இல்லீங்க," என்றாள் அந்தப் பெண், யோசிக்காமல். "ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கணும்னா ரெண்டு சட்டையும் பேசிக்கணும். அதை அடைச்சா எதுவும் ஓடாது. தாய் சொன்னா எல்லாப் பிள்ளையும் கேட்கும். ஆளு சொன்னாத்தான் கேட்காது."

மோகன்தாஸ் அவளைப் பார்த்த பார்வையில் அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மூடினாள்.

"விஷயத்துக்கு வருவோம்," என்றார் அவர். "உங்க தங்கச்சி மக புஷ்பம் எங்க கிடங்குலதானே இருக்கு? தோள்பட்டை சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். நீங்க ரேகை வச்சா அந்தப் பொண்ணுக்கு ஆபீஸ்ல மேசை வேலை. இனிமே சட்டையே போட வேண்டாம்."

நான் ஒரு நாள் தவணை கேட்டேன். என் விலையைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.

அப்போது ஜெபராஜ் செத்து இருபது நாள் ஆகியிருந்தது. கித்தேரியானின் ஒரே மகன், முப்பத்தெட்டு வயது. காலை ஷிப்டில் பருப்பு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. சட்டை நிற்கவில்லை. அவன் கால் நடந்தது, முதுகு வளைந்தது, கை தூக்கியது. நாற்பது நிமிஷத்தில் அறுபத்து மூன்று மூட்டை அடுக்கினான், ஒன்றுகூடக் கோணலாக இல்லையாம். ஷிப்ட் மணி அடித்துக் கொக்கி திறந்தபோதுதான் விழுந்தான். மணிக்கு முன்னால் திறக்கவேண்டுமென்றால் சூப்பர்வைசர் திறக்கவேண்டும். வேலை ஒழுங்காக நடக்கிற சட்டையை அவர் எதற்குத் திறக்கப்போகிறார்?

சாயங்காலம் ஆறு மணிக்குப் புஷ்பம் வந்தாள். அருளப்பன் மகள், தாயும் தகப்பனும் இல்லாதவள். அவள் புருஷன் கப்பலில் இருக்கிறான், என் வீட்டில்தான் அவள் இருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"மேசை வேலையாம்ல மாமா?"

"அதுக்குள்ள உனக்கு யாரு சொன்னா?"

"சூப்பர்வைசரு. 'உங்க மாமாகிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லும்மா'ன்னாரு. அவரு என்னைய அம்மான்னு சொல்லலாம், நான் சொன்னாத்தான் எதுவும் கேக்காது."

வலது கையால் டம்ளரை எடுத்தாள். நழுவியது. இடது கையால் பிடித்துக்கொண்டு, நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தாள். இன்னும் ஒரு வருஷம் சட்டை போட்டால் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ என்ன சொல்லுத?" என்றேன்.

"வச்சிருங்க மாமா."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "ஏட்டி, ஜெபராஜ் பக்கத்துல நின்னவ நீயி."

"அதனாலதான் சொல்லுதேன்." அவள் குரல் உயர்ந்தது. "நீங்க சட்டையைக் கழட்டி இருவது வருசமாச்சு. மீசையை முறுக்கிக்கிட்டுப் பேசுதது லேசு. நாளைக்குக் காலையில அதுக்குள்ள போயி நிக்கப்போறது நானு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அன்னைக்கு அம்மான்னு ஒரு தடவை சொன்னாவ மாமா. எல்லாரும் சொல்லுததுதானேன்னு நான் திரும்பிக்கூடப் பாக்கல. பெறகு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன். மத்தியானத்துக்கு என்ன கொழம்புன்னு கேட்டேன். பதிலில்ல. முந்தின நாள் லீவு விசயத்துல அவுகளுக்கும் எனக்கும் சண்டை. கோவம் தீரல போலுக்குன்னு நானும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். செத்த மனுசங்கூட நாப்பது நிமிசம் கோவிச்சுக்கிட்டு நின்னுருக்கேன்."

அடுப்பில் ஏதோ கருகியது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"திங்கக்கிழமை ஜெபராஜ் சாவு விசாரணைக்கு சர்க்கார் அதிகாரி வாராவளாம். அதுக்கு முன்னாடி உங்க ரேகை வேணுமாம். சீக்கிரம் சொல்லச் சொன்னாரு."

"எதுக்கு அதுக்கு முன்னாடி?"

"எனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரிந்தது. நாலாம் வகுப்புக் கணக்குத்தான் அது. அதிகாரி கேட்பார்: உயிர் போகிற நேரத்தில் சட்டையை நிறுத்த ஆளுக்கு ஒரு வழியும் இல்லையா? இருந்தது, நாங்கள்தான் மறைத்தோம் என்றால் கம்பெனி மாட்டிக்கொள்ளும். தாயிலேயே அப்படி ஒன்று இல்லை என்றால் மாட்டாது. ஜெபராஜ் கடைசியாகச் சொன்ன வார்த்தையைத் துடைக்கிற துணிதான் என் கட்டைவிரல்.

இதைப் புஷ்பத்திடம் சொன்னேன். அவள் தலை குனிந்தபடியே கேட்டாள்.

"தெரிஞ்சேதான் சொல்லுதேன் மாமா. நீங்க வைக்கலன்னா ஜெபராஜ் எந்திரிச்சு வருவாவளா? என் கைதான் போவும்."

அவளிடம் பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. "நாளைக்குக் கிடங்குக்கு வாரேன்," என்று மட்டும் சொன்னேன்.

கிடங்கின் மாடி அலுவலகத்தில் நின்றால் கீழே முழுத் தளமும் தெரியும். அந்த அலுவலக வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தாய்ச் சட்டை. அதன் தலைக்கு மேல் எங்கள் ஆறு பேர் போட்டோ. என் படத்துக்குக் கீழே 'தாமஸ்' என்று எழுதியிருந்தார்கள். போன ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை சட்டையின் கழுத்தில் காய்ந்து தொங்கியது.

மோகன்தாஸ் மையும் காகிதமும் தயாராக வைத்திருந்தார்.

"எதை அழிக்கச் சொல்லுதியளோ அதை ஒரு தடவை நான் போட்டுப் பாக்கணும்," என்றேன். "என் உடம்புலேருந்து எடுத்தது. கடைசியா ஒரு தடவை உடம்புல வச்சுட்டுத்தான் ரேகை."

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான ஐடியா! தாய்ச் சட்டைக்குள்ள அதுக்குப் பாடம் சொன்னவரு. போட்டோ எடுங்கப்பா. சுபத்ரா, கனெக்ட் பண்ணும்மா."

பெட்டியைத் திறந்து என்னைச் சட்டைக்குள் நிற்க வைத்தார்கள். சுபத்ரா பின்னால் வந்து பேட்டரியை மாட்டினாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவள் திரும்பி மோகன்தாஸிடம் கேட்டாள்: "சார், மோட்டார் மட்டும் போதுமா, கிடங்கோட இணைக்கணுமா?"

"முழுசா இணைம்மா. பச்சை விளக்கெல்லாம் எரியணும். அப்பத்தான் படத்துல எடுப்பா இருக்கும்."

"நீங்க சொன்னா சரிங்க சார்," என்றாள். 'நீங்க' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

ஏழு பச்சை விளக்கும் எரிந்தன. கொக்கிகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. எழுபத்திரண்டு வயது இடுப்பை அந்த இரும்பு வாங்கித் தாங்கிக்கொண்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. கெட்ட சாமான் இல்லை அது. மாடிக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் மூட்டையோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஏழாம் வரிசையில் புஷ்பம், முதுகில் வெங்காய மூட்டை.

"பெரியவரே, கொஞ்சம் சிரிங்க," என்றான் போட்டோக்காரன்.

"அம்மா," என்றேன்.

என் கொக்கிகள் திறந்தன. அது போகட்டும். கீழே நூற்றுப் பன்னிரண்டு சட்டைகளும் ஒரே நேரத்தில் முழங்காலை மடக்கின. நாங்கள் கற்றுக்கொடுத்தபடியே, முதலில் பாரம் தரைக்கு. எந்த மூட்டையும் விழவில்லை, எந்தப் பெட்டியும் சாயவில்லை. கிடங்கே ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி 'தப்' என்று ஒரு சத்தம். பிறகு கொக்கிகள் திறக்கிற சத்தம், தகரத்தில் மழை விழுகிற மாதிரி.

அப்புறம் மனுஷச் சத்தம் கேட்டது.

"மணி அடிச்சிட்டாலே?"

"எங்கல அடிச்சுது? பத்தரைதான் ஆவுது."

"ஏ, மேல பாருங்கல! தொம்மை அண்ணாச்சி நிக்காரு!"

மோகன்தாஸ் முகம் வெளிறிவிட்டது. "என்னய்யா பண்ணீங்க?"

"முட்டு வலிச்சுது. அம்மான்னேன்."

"வேணும்னே பண்ணியிருக்கீங்க!"

"ஆமா, வேணும்னுதான். ஜெபராஜ் வேணும்னு சொல்லல, அவனுக்கு நெசமாவே வலிச்சுது. எனக்குத் திறந்தது அவனுக்கு ஏன்வே திறக்கல?"

ஆட்கள் படியேறி வந்துவிட்டார்கள். வேர்வையும் சாக்குத் தூசியுமாக அலுவலக வாசல் நிறைந்தது. முன்னால் வந்தவள் புஷ்பம். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"என்ன மாமா செஞ்சு வச்சிருக்கிய? கூத்து காட்டவா வந்திய?"

மோகன்தாஸ் அதைப் பிடித்துக்கொண்டார். "நல்லா கேளும்மா. ரேகை வைக்கிறேன்னு சொல்லி வந்தவர் இவர். இப்ப வைக்கலைன்னா மேசையும் இல்ல, மூட்டையும் இல்ல. நீ வீட்டுக்குப் போகலாம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். என் வீரம் கொஞ்சம் இறங்கியது உண்மை. ஒரு வார்த்தையால் நூறு பேரை விடுவித்தவன்தான், ஆனால் ஒருத்தி கையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. ஏழைக்கு நேரம் வாங்க ஒரே வழி, படித்துக் காட்டச் சொல்வதுதான்.

"வைக்கேன்," என்றேன். "முதல்ல வாசிச்சுக் காட்டுங்க. திருத்தத்தை மட்டும் இல்ல. பழைய ஒப்பந்தம், தலையிலேருந்து வால் வரைக்கும். தமிழ்ல."

"முப்பது பக்கம் இருக்கு! இப்ப அதுக்கு எங்க நேரம்?"

"எனக்கு இருக்கு. சட்டை திறந்து கெடக்கதுனால இவியளுக்கும் இருக்கு."

பின்னாலிருந்து யாரோ, "வாசிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, கதை மாதிரி கேப்போம்," என்றான். சிரித்தார்கள். சுபத்ரா கையிலிருந்த பலகைக் கணினியைத் திறந்து, இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். முதல் பதினைந்து பக்கம் வேலை நேரம், காயத்துக்கு மருந்து, பேட்டரி, எண்ணெய். பதினாறாம் பக்கத்தில் நிறுத்தினாள். நிறுத்தி, அந்த வரியைத் திரும்பவும் கண்ணாலேயே படித்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"அது எல்லா ஒப்பந்தத்துலயும் வழக்கமா போடுறது," என்றார் மோகன்தாஸ். "அடுத்த பக்கம் போ."

"வழக்கமானதைத்தான் நான் கேட்டதே இல்ல. வாசி தாயி."

அவள் வாசித்தாள். "'தாய்ச் சட்டையில் கற்பிக்கப்பட்ட எதையும் நீக்க, மேற்படி ஆறு நபர்களும், அவர்களில் இறந்தவர்களுக்கு அவர்களுடைய சட்டப்படியான வாரிசுகள் அனைவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் செல்லாது.'"

சட்டென்று யாருக்கும் புரியவில்லை. ஆட்களோடு ஏறி வந்திருந்த சூப்பர்வைசருக்குப் புரிந்தது. அவர் மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.

"வாரிசுன்னா? புள்ளைகளா?" என்று கேட்டது காதர் மீரான் மகன் ரபீக். அவனும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

"பிள்ளைங்க, மனைவி, எல்லாரும்ங்க."

"அப்போ நானும் உண்டா?"

"நீங்களும் உண்டு."

"நானு? பால்வண்ணன் எங்க அப்பாதான்," என்று இன்னொரு பெண் கூட்டத்துக்குள்ளிருந்து கையைத் தூக்கினாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷமாகக் கடைசி ஆள் நான் என்று திரிந்திருக்கிறேன். இந்த விரல் ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது என்று ராத்திரி அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நான் மட்டும் வைத்தால் அது வெறும் மைதான். கம்பெனி எனக்குக் கூடை கூடையாகப் பழம் அனுப்பியது என் விரலுக்காக இல்லை, மற்றவர்கள் விரலை யாரும் நினைக்காமல் இருப்பதற்காக.

"இதுக்கும் திரை போட்டு வச்சிருந்தியளோவே?" என்றேன்.

"யாரும் மறைக்கல. நீங்க யாரும் கேட்கல," என்றார் மோகன்தாஸ். ஆனால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நிமிஷத்தில் குரலை மாற்றிக்கொண்டார். மைப்பெட்டியை என் முன்னாலிருந்து எடுத்துப் புஷ்பத்தின் முன்னால் வைத்தார்.

"பாரும்மா, நல்லதாப் போச்சு. அருளப்பனுக்கு வாரிசு நீதான். உன் மாமாகிட்ட கெஞ்ச வேண்டிய அவசியமே இல்ல. உன் கைக்கு நல்ல ஆஸ்பத்திரி, மேசை வேலை, ரெண்டும் இன்னைக்கே. நீ ஆரம்பிச்சு வை. உன்னைப் பார்த்து மத்தவங்களும் வைப்பாங்க, அவங்களுக்கும் ஏதாவது செய்வோம்."

எனக்கு அதில் சொல்ல உரிமை இல்லை, அது அவள் விரல். நேற்று சாயங்காலம் அவள் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருந்தது.

புஷ்பம் வலது கையைத் தூக்கப் பார்த்தாள். பாதியில் நின்றது. இடது கையால் அதைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். கட்டைவிரலைப் பார்த்தாள். மைப்பெட்டியைப் பார்த்தாள்.

"எல்லா வாரிசும் வைக்கணுமா சார்?"

"ஆமாம்மா."

"ஒருத்தரு விடாம?"

"அப்படித்தான் இருக்கு. அதை நாங்க பார்த்துக்கிறோம்."

அவள் சுபத்ராவிடம் திரும்பினாள். "எக்கா, கித்தேரியான் மாமாவுக்கு வாரிசு ஜெபராஜ். ஜெபராஜுக்கு வாரிசு அவுக பொண்டாட்டி ஸ்டெல்லா. சரிதானா?"

"சரிதாங்க," என்றாள் சுபத்ரா.

புஷ்பம் மேசையிலிருந்து கையை இறக்கினாள். அதற்கும் இடது கைதான் உதவியது.

"அப்போ முதல்ல அவகிட்ட வாங்கிட்டு வாங்க சார். நேரா போயி, அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். 'உன் புருசன் கடைசியா அம்மான்னு சொன்னாவ. அதைக் கேட்டுச் சட்டை திறந்துருக்கும், நாங்கதான் திறக்கவிடல. இப்போ அதை அடியோட அழிக்கணும், ஒரு ரேகை வை'ன்னு சொல்லணும். இம்புட்டையும் சொல்லிட்டு, அவ வச்சான்னா, ரெண்டாவது ரேகை நான் வைக்கேன்."

மோகன்தாஸ் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தன் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். மோகன்தாஸ் சுபத்ராவைப் பார்த்தார்.

"நான் போகமாட்டேன் சார்," என்றாள் அவள். பலகைக் கணினியை மூடவில்லை. பதினாறாம் பக்கம் திறந்தபடியே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தாள்.

"சரி, எல்லாரும் கீழே போய்ச் சட்டையை மாட்டுங்க," என்று சூப்பர்வைசர் யாரிடமும் இல்லாமல் சொன்னார். யாரும் அசையவில்லை. ரபீக் தரையில் உட்கார்ந்தான். "அம்மா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். நானும் அதுவரை நின்ற தாய்ச் சட்டையிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தேன்.

மோகன்தாஸ் மைப்பெட்டியை மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

"பேசலாம் சார்," என்றாள் புஷ்பம். "நாளைக்கும் ஸ்டெல்லாதான் வாரிசு. அதிகாரி வார திங்கக்கிழமையும் அவதான்."